நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையும் அம்மாவின் கோபமும்

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் நீளம், அதனால் முழுவதையும் இங்கே போடவில்லை. வாசிப்பவர்களுக்காகச் சுருக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் அம்மாவோடும் தம்பியோடும் உங்கள் சின்ன மகளோடும் இருக்கிறீர்கள். தம்பிக்கு 26 வயது, நாலு வருடமாக சுகர்ஸ் என்ற போதைச் சரக்குப் பழக்கம். அம்மா அவனைத் தோங்காட்டில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிப்போய், போனைப் பிடுங்கி வைத்து, வெளியே விடாமல் மூன்று வாரம் காவல் காத்திருக்கிறார். பையன் தேறி, கன்னத்தில் சதை போட்டு, சாமி கும்பிட்டு வீடு திரும்பினான். வந்த ஐந்தாம் நாள் குளியலறையில் உதடு நீலம் பாய்ந்து கிடந்தான், பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஆம்புலன்ஸுக்கு அடித்ததால் பிழைத்தான். இப்போது கிளினிக்கில் நாக்குக்கடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரை ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். அம்மாவோ "ஒரு போதையை விட்டுட்டு இன்னொரு போதையா, மூணு வாரம் மாத்திரை இல்லாமதானே இருந்தான்" என்று மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடும் நிலையில் இருக்கிறார். கோயிலில் ஒரு அங்கிள் மன உறுதி போதாது என்கிறார், வெளிநாட்டில் இருக்கும் உங்கள் கசின் போதை போய் ஒட்டுகிற ரிசெப்டரையே அடைத்துவிடும் ஊசி இருக்கிறது என்கிறார், நீங்கள் உடம்பே சுரக்கும் எண்டார்பின் பற்றி எங்கோ படித்திருக்கிறீர்கள். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

முதலில் பதில், காரணம் அப்புறம்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். அம்மா குப்பையில் போட்டுவிட்டால் மறுநாளே கிளினிக்குக்குப் போய் விஷயத்தைச் சொல்லி மறுபடி வாங்குங்கள், திட்டினால் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியூர்க்காரர்களும் வாசிப்பதால் ஒரு வரி: சுகர்ஸ் என்பது மட்டமான ஹெராயினில் கண்டதையும் கலந்து சின்னப் பொட்டலமாக விற்கிற சரக்கு. 2000களின் நடுவில் சாட்ஸ்வொர்த்தில் தலைகாட்டியது, டவுன்ஷிப் பக்கம் இதன் உறவுக்கார சரக்கை வூங்கா என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை செய்கிற பொருள் ஹெராயின்தான், அது உடம்புக்குள் போனதும் மார்ஃபினாக மாறி, நரம்புச் செல்களின் மேலுள்ள மியூ ஓபியாய்டு ரிசெப்டர் (ஓபியாய்டு என்றால் அபின் வகைப் பொருள்) என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது.

கதை இங்கேதான் தொடங்குகிறது. மார்ஃபின் வருவது அபினிலிருந்து, அதாவது கசகசாச் செடியின் பாலிலிருந்து. அந்தப் பாலுக்கு மனித மூளையில் எதற்காக இடம் இருக்க வேண்டும்? இப்படி ஒரு ரிசெப்டர் உண்மையிலேயே இருக்கிறது என்று 1973-இல் மூன்று ஆய்வுக்கூடங்கள் தனித்தனியாகக் காட்டின, பால்டிமோரில் கேண்டேஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், நியூயார்க்கில் எரிக் சைமன் குழு, ஸ்வீடனில் லார்ஸ் டெரினியஸ். அபினுக்காகக் கடவுள் இதைப் படைத்திருக்க மாட்டார், ஆகவே உடம்பே இதற்கென்று ஏதோ ஒன்றைச் சுரக்கிறது என்று தேடத் தொடங்கினார்கள். 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளைகளை அரைத்து அரைத்து அதைப் பிடித்துவிட்டார்கள். ஐந்தே ஐந்து அமினோ அமிலம் கோத்த இரண்டு குட்டிப் பெப்டைடுகள், பெயர் என்கெஃபலின். அதற்கப்புறம்தான் 31 அமினோ அமிலம் கொண்ட பீட்டா எண்டார்பின், டைனார்ஃபின் எல்லாம் வரிசையாக வந்தன. நீங்கள் படித்த எண்டார்பின் இந்தக் குடும்பத்துப் பிள்ளை.

நரம்புச் செல்கள் சுரக்கும் இந்தப் பெப்டைடுகள், அதாவது நியூரோபெப்டைடுகள், எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், அம்மாவுக்கான பதில் இதில்தான் இருக்கிறது. நரம்புச் செல் முதலில் ஒரு நீளமான புரதத்தைச் செய்து, அதைத் தேவையான இடங்களில் வெட்டி, துண்டுகளைக் குட்டிப் பைகளில் அடைத்து வைக்கிறது. சாதாரணத் தூண்டலுக்கு அந்தப் பை திறக்காது, நரம்பு விடாமல் வேகமாகச் சுடும்போதுதான் திறக்கும், அதாவது அடிபட்டபோது, பயந்தபோது, பிரசவ வலியில். வெளியே வந்த பெப்டைடு ரிசெப்டரில் ஒட்டித் தன் செய்தியைச் சொல்கிறது, சொன்ன கையோடு நெப்ரிலைசின் போன்ற என்சைம்கள் அதை நறுக்கித் தள்ளிவிடுகின்றன. என்கெஃபலினின் ஆயுள் அவ்வளவுதான். கொஞ்ச இடத்தில், கொஞ்ச நேரம், தேவைக்கு மட்டும் என்பதுதான் உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு.

மார்ஃபின் பெப்டைடு இல்லை. அந்த என்சைம்களுக்கு அது அகப்படாது, மணிக்கணக்கில் நிற்கும். மூளை முழுக்க, தண்டுவடம் முழுக்க, குடல் முழுக்க எங்கெல்லாம் மியூ ரிசெப்டர் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரே சமயத்தில் ஒட்டும். இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பெப்டைடால் செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியாது, வாசலில் நின்றுதான் பேச வேண்டும். மார்ஃபின் சவ்வைத் தாண்டிப் போய்விடும். 2018-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு குழு, ரிசெப்டர் விழித்தால் ஒளிரும்படியான சென்சார் ஒன்றைச் செய்து பார்த்தது. உடம்பின் சொந்தப் பெப்டைடு கொடுத்தபோது செல்லின் மேற்பரப்பிலும், அங்கிருந்து உள்ளே இழுக்கப்பட்ட பைகளிலும் மட்டுமே ஒளி. மார்ஃபின் கொடுத்தபோதோ செல்லின் உள்ளே, கோல்ஜி என்ற பகுதியில், இன்னும் வெளியே வராமல் கிடந்த ரிசெப்டர்கள்கூட ஒளிர்ந்தன. ரிசெப்டர் ஒன்றுதான், ஆனால் சொந்தப் பெப்டைடு ஒருநாளும் எழுப்பாத இடத்தில் போய் மருந்து அதை எழுப்புகிறது. "இயற்கையாவே உடம்புல இருக்கிறதுதானே, கொஞ்சம் கூடுதலாப் போனா என்ன" என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

சரி, ரிசெப்டர் விழித்ததும் செல்லுக்குள் என்ன நடக்கிறது? அதன் அடியில் ஜி புரதம் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அது பிரிந்து மூன்று காரியம் செய்கிறது. பொட்டாசியம் சேனலைத் திறக்கிறது, கால்சியம் சேனலை மூடுகிறது, சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற உள்தூதுப் பொருளை உண்டாக்கும் என்சைமை அடக்குகிறது. மொத்தத்தில் அந்த நரம்புச் செல் அமைதியாகிவிடுகிறது. வலியைக் கடத்தும் செல் அமைதியானால் வலி குறைகிறது. மூச்சுக்குத் தாளம் போடும் மூளைத்தண்டுச் செல்கள் அமைதியானால் மூச்சு குறைகிறது. சுக உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் செல்களை அடக்கி வைத்திருக்கும் காவல்காரச் செல்கள் அமைதியானால் டோபமைன் பொங்குகிறது, அதுதான் அந்தச் சுகம். 1996-இல் மியூ ரிசெப்டரே இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். மார்ஃபின் அவற்றுக்கு வலியையும் குறைக்கவில்லை, சுகமும் தரவில்லை, அடிமைப்படுத்தவும் இல்லை. நல்லதும் கெட்டதும் ஒரே வாசல் வழியாகத்தான்.

இப்போது அந்த அங்கிளின் மன உறுதிக்கு வருகிறேன். 1975-இல் அமெரிக்காவில் ஷர்மா, கிளீ, நிரன்பெர்க் என்ற மூன்று பேர் நரம்புச் செல் வகை ஒன்றைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். நிரன்பெர்க் அதற்கு முன்பே 1968-இல் நோபல் வாங்கியவர். தட்டில் மார்ஃபினை ஊற்றியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. சரிந்தது. அப்படியே விட்டு வைத்தார்கள். அடக்குகிற மருந்து எதிரே இருக்கும்போதே செல்கள் மெல்ல மெல்ல அந்த என்சைமின் வேகத்தைக் கூட்டிப் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டன, அதாவது மார்ஃபின் அவற்றுக்குப் பழகிவிட்டது. பிறகு மார்ஃபினின் பிடியை எடுத்தார்கள், அடக்க ஆளில்லாமல் சைக்ளிக் ஏ.எம்.பி. சாதாரண அளவையும் தாண்டி எகிறியது. தட்டில் வளர்ந்த செல்லுக்கு மன உறுதி ஏது, கெட்ட சகவாசம் ஏது, அப்பா இல்லாமல் வளர்ந்த குறை ஏது? அதுவும் அடிமையானது, அதற்கும் வித்ட்ராவல், அதாவது மருந்து நின்றதும் வரும் எதிர்வினை, வந்தது. தம்பியின் கோடிக்கணக்கான செல்களில் நாலு வருடமாக நடந்தது இதுதான். அங்கிளைக் குறை சொல்லவில்லை, அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல் சொல்கிறார்.

தோங்காட்டில் முதல் வாரம் அம்மா பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள்: ஓயாத கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர், உரித்த கோழித்தோல் மாதிரி மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, காலை உதறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் விலாசம் உண்டு. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சின்ன நீலப் புள்ளி இருக்கிறது, மூளைக்கு விழிப்பும் பரபரப்பும் தரும் நோரட்ரினலினை அனுப்பும் தலைமை இடம், மியூ ரிசெப்டர் நிறைந்தது. நாலு வருடம் அடங்கிக் கிடந்த இடம் திடீரென்று அடக்க ஆளில்லாமல் ஓவராக வேலை செய்கிறது. குடலில் அசைவை அடக்கி வைத்திருந்த ரிசெப்டர்கள் காலியானதும் குடல் ஓட்டம் எடுக்கிறது, சுகர்ஸ் காலத்தில் மலச்சிக்கலாக இருந்தவன் இப்போது கழிவறையிலேயே கிடக்கிறான். ஹெராயினை விட்ட 6 முதல் 12 மணி நேரத்தில் ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் உச்சம் போய், ஒரு வாரத்தில் இதெல்லாம் அடங்கும். அம்மா அதைக் கூடவே இருந்து பார்த்து, பேதியைத் துடைத்து, கஞ்சி ஊட்டியிருக்கிறார். அது சாதாரணக் காரியம் இல்லை, அவரிடம் பேசும்போது முதலில் இதைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

அந்த மூன்று வாரத்தில் உடம்பில் போனது எது, போகாதது எது என்பதில்தான் அம்மாவும் நானும் வேறுபடுகிறோம். போனது ஹெராயின். போனது அந்த உடல் வேதனை. கூடவே போன இன்னொன்றை யாரும் கவனிக்கவில்லை, அதுதான் மூச்சுக்கு இருந்த பழக்கம். நாலு வருடத்தில் அவன் மூளைத்தண்டு பெரிய அளவு ஹெராயினையும் தாங்கி மூச்சு விடப் பழகியிருந்தது, மூன்று வாரத்தில் அந்தத் தாங்கும் சக்தி கரைந்துவிட்டது. போகாதது ஆசை. பொட்டலத்தைப் பார்த்தால், அந்தத் தெருமுனையைக் கடந்தால், மனசு உடைந்தால் எழும் அந்த இழுப்பு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும். தூக்கம் சரியாக வராது, எதிலும் ருசி இருக்காது. ஆசை அப்படியே இருக்க, தாங்கும் சக்தி மட்டும் போன உடம்போடு அவனை அதே தெருவுக்குக் கூட்டி வந்தீர்கள். ஐந்தாம் நாள் அவன் பழைய அளவையே எடுத்தான். உதடு ஏன் நீலமானது என்று இப்போது உங்களுக்கே புரியும்.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் போதை மருந்து மிகையாகி இறக்கும் வாய்ப்பு மற்ற ஜனங்களைவிட 129 மடங்கு. சிறையில் அவர்களில் பலரும் சுத்தமாகத்தான் இருந்திருப்பார்கள். அறையில் அடைப்பது, ஊருக்கு அனுப்புவது, மருந்து ஏதுமில்லாத மூன்று வார ரீஹேப் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இப்படி மீண்டு வந்து மறுபடி தொடாதவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை நம்பி ஒரு உயிரைப் பணயம் வைக்கச் சொல்ல என்னால் முடியாது.

அப்புறம் மாத்திரை. நீங்கள் அனுப்பிய அட்டையின் படத்தில் இருப்பது பியூப்ரினார்ஃபினும் நாலக்ஸோனும் நாலுக்கு ஒன்று என்று சேர்ந்தது. பியூப்ரினார்ஃபினும் அதே மியூ ரிசெப்டரில்தான் ஒட்டுகிறது, அந்த வகையில் அம்மா சொல்வது உண்மை, அதை மறைத்துப் பேசினால் நாளை அவர் நம்மை நம்பமாட்டார். ஆனால் ஒட்டும் விதம் வேறு. அது ரிசெப்டரை அரைகுறையாகத்தான் எழுப்பும். வித்ட்ராவலும் ஆசையும் வராத அளவுக்கு எழுப்பும், பழகிய உடம்பில் மிதக்க வைக்கிற அளவுக்கு எழுப்பாது, அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் மூச்சை அடக்குவது ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. இன்னொரு பக்கம் அதன் பிடி இரும்புப் பிடி. சாட்ஸ்வொர்த்தில் பஸ் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்தவர் டவுன் வரும்வரை எழமாட்டார் இல்லையா, அப்படி ரிசெப்டரில் உட்கார்ந்துவிடும், பின்னால் ஹெராயின் ஏறி வந்தாலும் நின்றுகொண்டுதான் வர வேண்டும். அதனால் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறவன் சபலத்தில் ஒருநாள் சுகர்ஸ் எடுத்தாலும் எதிர்பார்த்த சுகம் கிடைக்காது, அவன் சாகும் வாய்ப்பும் வெகுவாகக் குறைவு.

நாலக்ஸோன் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அது ரிசெப்டரை எழுப்பாமல் அடைக்கிற பொருள். நாக்குக்கடியில் வைத்தால் அது அவ்வளவாக ரத்தத்தில் ஏறாது, சும்மா கிடக்கும். யாராவது மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்ற நினைத்தால் அப்போது வேலை செய்து வித்ட்ராவலைக் கொண்டுவந்துவிடும், அதாவது காவலுக்குச் சேர்த்தது. மாத்திரையை விழுங்கினால் பியூப்ரினார்ஃபினில் பெரும்பகுதி ஈரலிலேயே சிதைந்துவிடும், அதனால்தான் நாக்குக்கடியில் வைக்கச் சொல்கிறார்கள்.

"அப்ப இதுக்கும் அடிமைதானே?" உடம்பு இதற்கும் பழகும், ஆமாம், திடீரென்று நிறுத்தினால் வித்ட்ராவல் வரும், ஹெராயினைவிட மெதுவாக, இழுத்துக்கொண்டு வரும். ஆனால் அடிமைத்தனம் என்று நாம் பயப்படுவது வேறு. காலையில் எழுந்ததும் காசுக்கு யாரை ஏமாற்றலாம் என்று யோசிப்பது, அம்மாவின் வளையலை விற்பது, ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உடம்பு தூக்கி எறியப்படுவது. பியூப்ரினார்ஃபின் ஒரே மட்டத்தில் நிற்கும், அந்த ஏற்ற இறக்கம் இல்லாமல் போவதால்தான் செல்கள் அமைதியடைகின்றன, அவன் வேலைக்குப் போகலாம், தூங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2005-இலேயே இதையும் இதே வேலைக்குப் பயன்படும் மெத்தடோன் என்ற மருந்தையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்தச் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் இறப்பு பாதியாகவும் அதற்குக் கீழேயும் குறைவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, நிறுத்திய முதல் நாலு வாரத்தில் அது மறுபடி எகிறுவதையும் அதே ஆய்வுகள்தான் காட்டின. "இன்னொரு போதை" என்று சொல்லி வீட்டில் நிறுத்த வைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அந்த வீடுகளுக்குத் துக்கம் விசாரிக்கவும் போயிருக்கிறேன், ஆகவே இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

எவ்வளவு நாள் போட வேண்டும்? வாரக் கணக்கு வேண்டாம், வருடக் கணக்கில் யோசியுங்கள். நிறுத்துவதானால் அவன் வாழ்க்கை நிலைப்பட்ட பிறகு, அவனே கேட்டு, டாக்டர் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்த வேண்டும்.

கசின் சொன்ன ஊசி நால்ட்ரெக்ஸோன். அது ரிசெப்டரை முழுசாக அடைத்துக்கொள்ளும், எழுப்பவே எழுப்பாது. மாத்திரையாகவும் உண்டு, மாதம் ஒருமுறை போடும் ஊசியாக அமெரிக்காவில் 2010-இல் இதற்கென்று அனுமதி பெற்றது. சிலருக்கு உதவும். தம்பிக்கு இப்போது ஏன் வேண்டாம் என்றால், அதைத் தொடங்க 7 முதல் 10 நாள் எந்த ஓபியாய்டும் உடம்பில் இருக்கக் கூடாது, பியூப்ரினார்ஃபினும் சேர்த்துத்தான், அதிலிருந்து வருபவர்களுக்கு இன்னும் கூடுதல் நாள் பிடிக்கும், அதாவது மறுபடி அந்த ஆபத்தான இடைவெளியைத் தாண்ட வேண்டும். தாண்டினாலும், தாங்கும் சக்தி பூஜ்யமாக இருக்கும் உடம்பில் அடுத்த ஊசி தவறிவிட்டால் ஐந்தாம் நாள் கதைதான். கசினுக்கு நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

எண்டார்பினைக் கூட்டினால் போதாதா என்ற உங்கள் கேள்வி எனக்குப் பிடித்தது. கேப்ஸ்யூல் என்று விற்றால் வாங்காதீர்கள், பெப்டைடு வயிற்றுக்குள் போனால் மீனும் பருப்பும் போலச் செரிமானம்தான் ஆகும், மிஞ்சி ரத்தத்தில் கலந்தாலும் மூளைக்குள் எளிதில் நுழையாது. ஓடினால் எண்டார்பின் பொங்கும் என்று காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுகிற நம் டர்பன்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஆட்களுக்கு நால்ட்ரெக்ஸோன் கொடுத்து ஓபியாய்டு ரிசெப்டரை அடைத்துவிட்டு ஓட வைத்துப் பார்த்த ஒரு ஆய்வில், ஓடிய பிறகு வரும் அந்த மகிழ்ச்சி அப்படியே வந்தது, ஆக அதற்கு வேறு வழியும் இருக்கிறது. அதற்காக ஓடாதே என்று அர்த்தமில்லை, தம்பி காலையில் ஓடினால் தூக்கம் வரும், மனசு தெளியும், நல்லதுதான். சொந்தப் பெப்டைடுகளுக்குச் சக்தியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 1978-இல் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தே இல்லாத ஊசியைக் கொடுத்தபோது சிலருக்கு வலி குறைந்தது, பிறகு நாலக்ஸோன் கொடுத்ததும் அவர்களுக்கு வலி திரும்பியது. நம்பிக்கை ஒன்றே உடம்பின் ஓபியாய்டு வழியைத் திறந்திருக்கிறது என்றுதான் அதைப் படித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். காவடி எடுத்து, வேல் குத்தி, தீமிதியில் இறங்குகிறவர்களுக்கு வலி தெரியாமல் போவதிலும் இதற்குப் பங்கிருக்கலாம்.

அதனால் அம்மா தைப்பூசத்துக்கு அவன் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறார் என்றால் தாராளமாக எடுக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை, நானும் அன்று கோயிலில்தான் இருப்பேன். விரதத்திலும் மாத்திரையை விடக் கூடாது, அவ்வளவுதான். அது சாப்பாடு இல்லை, விரதம் முறியாது, அம்மாவுக்கு சந்தேகம் இருந்தால் பூசாரியைக் கேட்கச் சொல்லுங்கள், விவரம் தெரிந்த எந்தப் பூசாரியும் மருந்தைத் தடுக்க மாட்டார்.

இனி வீட்டில் கவனிக்க வேண்டியவை. அவன் இடையில் மாத்திரையை விட்டு மறுபடி சுகர்ஸ் எடுத்திருந்தால், எடுத்த சூட்டோடு மாத்திரையை வைக்கக் கூடாது. பியூப்ரினார்ஃபின் தன் பலமான பிடியால் ஹெராயினைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் அரைகுறையாக உட்காரும், உடம்புக்கு அது திடீர் வித்ட்ராவல், பயங்கரமாக இருக்கும், "மாத்திரை எனக்கு ஒத்துக்கல" என்று பலர் ஓடிப்போவது இதனால்தான். கொட்டாவியும் மயிர்க்கூச்சும் ஆரம்பித்து, குறைந்தது 12 மணி நேரம் போன பிறகு, கிளினிக்கைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். அவன் பயந்து ஒளிக்காமல் "அக்கா, எடுத்துட்டேன்" என்று உங்களிடம் சொல்லக்கூடிய நிலை வீட்டில் இருந்தால்தான் இது நடக்கும்.

சாராயமும் தூக்க மாத்திரையும் இதோடு சேரவே கூடாது. மூச்சு விஷயத்தில் இந்த மாத்திரைக்கு ஒரு கட்டம் உண்டு என்றேனே, கூட இவை சேர்ந்தால் அந்தக் கட்டம் உடைந்துவிடும். பார்ட்டியில் யாராவது ஊற்றிக் கொடுப்பார்கள், முன்கூட்டியே பேசி வையுங்கள். பல் வலி, அடிபட்டது, ஆபரேஷன் என்று எங்கே போனாலும் இந்த மாத்திரையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கமான மார்ஃபின் வகை வலி மருந்து அவனுக்குச் சரியாகப் பிடிக்காது. பல் என்றதும் இன்னொன்று: நாக்குக்கடியில் கரைக்கும் பியூப்ரினார்ஃபின் பல்லை அரிக்கலாம் என்று 2022-இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. முழுசாகக் கரைந்ததும் ஒரு வாய் தண்ணீர் வைத்துக் கொப்பளித்து விழுங்கட்டும், அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிரஷ். அவசரப்பட்டு உடனே தேய்த்தால் இளகிய எனாமல் தேயும்.

மறுபடி அப்படி ஒரு நாள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஆன்ட்டிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கண்பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கி, உதடும் நகமும் நீலமாகி, குறட்டை மாதிரி கொரகொரவென்று சத்தம் வந்து, தட்டினாலும் எழாவிட்டால் அது தூக்கமில்லை. 10177 அடியுங்கள், மொபைலில் 112. மூச்சு நின்றிருந்தாலோ எப்போதாவது ஒன்று வந்தாலோ மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊதி மூச்சுக் கொடுங்கள், அவனைக் கொல்வது மூச்சின்மைதான். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி உள்ளே போகாது. தண்ணீர் ஊற்றுவது, அறைவது, பால் புகட்டுவது எதுவும் வேண்டாம். ஆம்புலன்ஸில் நாலக்ஸோன் போட்டதும் சட்டென்று எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறேன்" என்பான், கோபப்படுவான், விடாதீர்கள். நாலக்ஸோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் முடிந்துவிடும், ஹெராயின் அதற்குப் பிறகும் ரத்தத்தில் இருக்கலாம், ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் இருந்தே ஆக வேண்டும். கிளினிக்குக்கு அடுத்த முறை போகும்போது வீட்டில் வைத்துக்கொள்ள நாலக்ஸோன் எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள்.

கடைசியாக உங்கள் மகள். மூன்று வயது என்று எழுதியிருந்தீர்கள். தம்பியின் உடம்பு ஓபியாய்டுக்குப் பழகியது, அவள் உடம்பு பழகாதது. பெரியவர்களுக்கு நான் சொன்ன அந்தக் கட்டம் குழந்தைகளுக்குச் செல்லாது, ஒரே ஒரு மாத்திரை வாயில் போனாலும் மூச்சு நிற்கலாம். மாத்திரையை பூஜை அறைத் தட்டிலோ ஃப்ரிட்ஜ் மேலேயோ வைக்க வேண்டாம், பூட்டு போட்ட டின்னில் வைத்து, சாவி உங்களிடமே இருக்கட்டும், காலையில் வேலைக்குப் போகுமுன் அன்றைக்கு உரியதை மட்டும் எடுத்துக் கொடுத்து, அவன் நாக்கின் கீழ் கரையும்வரை நின்று பாருங்கள். சில நாள் பத்து நிமிடம் வரை பிடிக்கும், பஸ்ஸுக்கு அதற்கேற்ப முன்கூட்டியே கிளம்பத் தயாராகிவிடுங்கள்.